கல்லாப்பெட்டியின் தீர்ப்பு!

நியூயார்க் நகரிலே 46ஆம் தெரு. அங்கே ஓர் உணவு விடுதி. ஜோ ஆலன் என்பவர் 1965ஆம் ஆண்டு துவக்கியது. அவர் பெயரையே தாங்கியது. நாடகக்காரர்கள் கூடும் இடம். நடிகர் வருவர், நடனமாடுவோர் வருவர், வாத்தியக்காரர் வருவர், வேலை முடித்த களைப்போடு மேடைத் தச்சரும் விளக்குக்காரரும் வருவர்.

சாப்பாட்டுக் கடைச் சுவரிலே என்ன மாட்டுவார்கள்? வென்றவர் படத்தை! கோப்பை வாங்கிய வீரன், கொடிகட்டிப் பறந்த நாயகன், நூறு நாள் கண்ட படம் — எவன் ஜெயித்தானோ அவனுக்கே சுவர், அவனுக்கே மாலை! இது உலக வழக்கம். ஆனால் ஜோ ஆலன் விடுதியின் செங்கற் சுவரிலே இடம் பெற்றவை வேறு. தோற்றுப் போன நாடகங்களின் விளம்பரத் தாள்கள்! ஒரு வாரம் ஆடி ஓய்ந்தது, மூன்று நாள் ஆடி முடிந்தது, முதல் இரவிலேயே மூச்சடங்கியது — இவற்றுக்குத்தான் அங்கே மரியாதை!

என்ன விந்தை இது! டாலரைத் தராசாக்கி மனிதனையே நிறுத்துப் பார்க்கும் நாடு என்று பெயர் வாங்கியது அமெரிக்கா. அந்த நாட்டிலே, அந்தத் தராசு தள்ளிவிட்டதை எடுத்துச் சுவரிலே மாட்டி, அதன் கீழே அமர்ந்து சோறுண்ணும் ஒரு கூட்டம்! பைத்தியக்காரரா இவர்கள்? அல்ல, தோழர்களே. அவர்கள் ஓர் உண்மையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது என்ன என்று பார்ப்போம்.

பிராட்வே என்றதும் நம் சென்னைத் தோழர்களுக்கு நினைவு வருவது பாரிமுனையை அடுத்த தெரு. பிரகாசம் சாலை என்று பெயர் மாறிய பின்னும், பேருந்திலே பிராட்வே என்றே சொல்லிச் சீட்டு வாங்குகிறோமே, அந்தத் தெரு. நாம் பேசப்போவது அதுவல்ல. நியூயார்க்கிலே ஒரு பிராட்வே உண்டு. அந்தப் பெருஞ்சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் ஒட்டி நாற்பதுக்கு மேற்பட்ட நாடக அரங்குகள். அங்கே கோலோச்சுவது இசை நாடகம். பாட்டு, கூத்து, வசனம், நடனம் எல்லாம் கலந்தது. ஓலைக் கொட்டகையிலே விடிய விடிய இசை நாடகம் கேட்டு வளர்ந்தவர் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு, அது என்ன என்று நீட்டி விளக்கத் தேவையில்லை.

ஆனால் அங்கே அது எப்படி எழுகிறது, எப்படி விழுகிறது என்பதை விளக்கத்தான் வேண்டும்.

கதை வசனம் எழுதுபவர் ஒருவர், பாட்டெழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர் — ஆண்டுக்கணக்கில் உழைப்பர். பிறகு தயாரிப்பாளர் வருவார், பணம் திரட்டுவார். பணம் போடுகிறவர்களுக்கு அங்கே வைத்திருக்கும் செல்லப் பெயர் என்ன தெரியுமா? தேவதைகள்! பெயரைக் கேட்டு மயங்கிவிடாதீர்! இந்தத் தேவதைகள் வரமளிப்பது, போட்டது லாபத்தோடு திரும்பி வரும் என்ற நம்பிக்கையிலேதான். ஒத்திகை நடக்கும். வெளியூரிலே ஆடிப் பார்ப்பதும் உண்டு. பிறகு நியூயார்க்கிலே திரை எழும். பல்லாண்டுக் காலம் அங்கே வழக்கம் இதுதான்: இரவு திரை விழும், விடிவதற்குள் நாளேடு வரும், நாளேட்டிலே விமர்சகர் நாலு பத்தி எழுதியிருப்பார். அந்த நாலு பத்தி வாழ்த்தினால் வாசலிலே வரிசை நிற்கும். வைதால்?

வாரந்தோறும் அரங்க வாடகை உண்டு, சம்பளம் உண்டு, விளம்பரச் செலவு உண்டு. வரவு அதற்குக் கீழே இறங்கினால், மேடைக்குப் பின்புறத்து அறிவிப்புப் பலகையிலே ஒரு துண்டுத்தாள் ஒட்டப்படும். இத்தனாம் தேதியோடு நாடகம் முடிவு! ஆடியவளுக்கு வேலை போயிற்று, பாடியவனுக்கு வேலை போயிற்று, பிடில் வாசித்தவனுக்கும் உடுப்பு மாட்டிவிட்டவளுக்கும் வேலை போயிற்று. தேவதைக்குப் போவது பணம். தொழிலாளிக்குப் போவது அடுத்த வாரச் சோறு! பட்டறைக் கதவிலே பூட்டுத் தொங்கும் காலைப் பொழுதை அறிந்தவர்களுக்கு, அந்தத் துண்டுத்தாளின் பொருள் புரியும்.

வெற்றி என்று அங்கே எதைச் சொல்வர்? போட்ட முதல் திரும்பினால் வெற்றி. திரும்பாவிட்டால் தோல்வி. கண்ணீர் வடித்தவர் எத்தனை பேர், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீடு சென்றவர் எத்தனை பேர் என்பதற்கெல்லாம் அந்தப் பேரேட்டிலே பத்தி கிடையாது. கலைக்கு நற்சான்று வழங்குபவர் கணக்குப்பிள்ளை!

இந்தக் கணக்குப்பிள்ளை வேடிக்கையை வைத்தே ஒரு கதை எழுதினார் மெல் புரூக்ஸ். தோற்கும் நாடகத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் பங்கு விற்றுவிட்டால், மிச்சப் பணத்தைச் சுருட்டிக்கொள்ளலாம், தோற்ற நாடகத்துக்கு எவன் கணக்குக் கேட்பான் என்று திட்டமிடும் தயாரிப்பாளரும் கணக்கரும், உலகத்திலேயே மட்டமான நாடகத்தைத் தேடி அலையும் கதை. 1968இல் திரைப்படமாக வந்தது. 2001இல் 'த புரொட்யூசர்ஸ்' என்ற பெயரிலே மேடைக்கு வந்தது. தோல்வியைப் பற்றிய அந்த நாடகம் 2,502 முறை ஆடி, 12 டோனி விருதுகளை அள்ளிச் சென்றது! தோல்வியைக் காட்டியே வெற்றி பெற்ற கதை அது.

கதையிலே சிரிப்பு. வாழ்விலே?

'கெல்லி' என்றொரு நாடகம். புரூக்ளின் பாலத்தின் மீதிருந்து ஆற்றிலே குதித்துப் பிழைத்ததாகச் சொல்லிக்கொண்ட 19ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவரின் கதையைத் தழுவியது. 1965 பிப்ரவரி 6ஆம் நாள் திரை எழுந்தது. அன்றிரவே இறுதியாக விழுந்தது. ஒரே ஓர் இரவு! சுமார் 6,50,000 டாலர் தண்ணீரிலே போயிற்று. குதித்தவர் பிழைத்தாராம், நாடகம் பிழைக்கவில்லை!

இப்படி வீழ்ந்தவற்றின் மீது அன்பு கொண்டு அலைவோர் கூட்டம் ஒன்று உண்டு. இசைத்தட்டுத் தேடுவர். பழைய நிகழ்ச்சித்தாள் சேர்ப்பர். ஐந்தே முறை ஆடிய நாடகத்தை நேரிலே கண்டவர், போர்க்களம் கண்ட வீரர் போல மார்தட்டிப் பேசுவார். 1991இல் கென் மாண்டல்பாம் என்பவர் நாற்பதாண்டுக் காலத் தோல்விகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். நியூயார்க் நகர மேயர் லாகார்டியா காலத்திலே, 1943இல், சாமானியரும் குறைந்த கட்டணத்தில் கலை காண வேண்டும் என்று துவக்கப்பட்ட அரங்கு சிட்டி சென்டர். அங்கே 1994 முதல் 'என்கோர்ஸ்' என்ற பெயரிலே, மறக்கப்பட்ட இசை நாடகங்களை எடுத்து, வாத்தியக் குழுவை மேடையிலேயே அமர்த்தி, சில நாட்களுக்கு நிகழ்த்துகின்றனர். ஓடி முடித்ததும் வரும்; ஓடாமல் முடிந்ததும் வரும்.

நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. அந்த அரங்குகளிலே அமர்ந்து பார்த்தவரல்லர். ஒலிப்பதிவு வழியே கேட்டவர். கேட்கக் கேட்க ஒரு கேள்வி எழுகிறது: இதையா தோல்வி என்றார்கள்?

1935ஐப் பாருங்கள். ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்த 'போர்கி அண்ட் பெஸ்'. தென்மாநிலத்துத் துறைமுக நகரொன்றின் ஏழைக் கருப்பின மக்கள் வாழ்வைப் பாடியது. மேடையை நிறைத்தவர் கருப்பினக் கலைஞர். நியூயார்க்கிலே 124 முறை ஆடியது. போட்ட முதல் திரும்பவில்லை. கணக்குப்பிள்ளை தீர்ப்பு: தோல்வி.

1936இல் அந்த நாடகம் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்றது. நேஷனல் தியேட்டர் என்ற அரங்கு. அங்கே கருப்பருக்கும் வெள்ளையருக்கும் சமமாக இடம் தருவதில்லை. மேடையிலே கருப்பர் பாடலாம். அவர் அண்ணனோ தங்கையோ வந்து கீழே அமர்ந்து கேட்கலாகாது! நாயகனாக நடித்த டாட் டங்கன் நிமிர்ந்து நின்றார். இனம் பிரித்து அமர்த்தும் அரங்கிலே பாடமாட்டேன் என்றார். தோழர்கள் துணை நின்றனர். அரங்க நிர்வாகம் பணிந்தது. அந்த அரங்கிலே முதன்முறையாக இரு இனத்தாரும் கலந்து அமர்ந்து நாடகம் கண்டனர்! அந்தப் பயணம் முடிந்ததும் பழைய சுவர் மீண்டும் எழுப்பப்பட்டது, உண்மை. ஆனால் சுவர் இடிக்கக் கூடியதுதான் என்று ஊருக்குக் காட்டியாயிற்று. கணக்கு ஏட்டிலே நட்டம் எழுதிய நாடகம், மனித ஏட்டிலே எழுதிய வரவு அது!

கெர்ஷ்வின் 1937இல், 38ஆம் வயதிலே மாண்டார். தம் நாடகம் வென்றதை அவர் காணவில்லை. 1942இல் மீண்டும் மேடையேறி, முன்னைவிட நீண்ட நாள் ஆடியது. 1976இல் ஹியூஸ்டன் நகர இசை நாடகக் குழு முழு வடிவிலே நிகழ்த்தியது. 1985இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கிலே ஏறியது. கருப்பின மக்கள் வாழ்வை வெள்ளையர் எழுதிய விதம் சரியா என்று கருப்பின அறிஞர்களே அன்று தொடுத்த வாதம் இன்றும் ஓயவில்லை. ஓயவும் வேண்டாம். வாதம் தொடர்கிறது என்றால் உயிர் இருக்கிறது என்று பொருள்.

சில நாடகங்கள் காலத்தின் கையால் அடிபட்டன. 1951. அமெரிக்காவிலே அச்சம் அரியணை ஏறியிருந்த காலம். நீ கம்யூனிஸ்டா, உன் நண்பன் கம்யூனிஸ்டா என்று கேட்டுக் கேட்டுக் கலைஞரைக் கலங்கடித்த காலம். யிப் ஹார்பர்க் என்ற பாடலாசிரியர், 'த விசார்ட் ஆஃப் ஓஸ்' படப் பாடல்களை எழுதியவர், திரையுலகிலே வேலை கொடுக்கப்படாமல் ஒதுக்கப்பட்டார். அவர் மேடைக்கு வந்தார். 'ஃபிளாஹூலி' என்ற நாடகம் தந்தார். பொம்மைத் தொழிற்சாலை ஒன்று. சிரிக்கும் பொம்மை செய்கிறார்கள். விளக்கிலிருந்து பூதம் கிளம்புகிறது. பொம்மைகளைச் செய்து குவிக்கிறது. குவியக் குவிய விலை சரிகிறது, சந்தை சாய்கிறது. உடனே என்ன செய்கிறார்கள்? பூதத்தைப் பிடி, வேட்டையாடு என்று கூச்சல்! பொருள் பெருகினால் மக்களுக்கு மகிழ்ச்சி வர வேண்டும்; முதலாளிக்கு மயக்கம் வருகிறது என்ற முரண்பாட்டைப் பொம்மையை வைத்தே சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். 40 முறை ஆடியது. முடிந்தது.

அதே காலத்தின் நிழலிலே 1956இல் வந்தது 'கேண்டீட்'. வால்டேர் எழுதிய கதை. லியனார்டு பெர்ன்ஸ்டைன் இசை. விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்ட லிலியன் ஹெல்மன் எழுத்து. 73 முறை ஆடி மூடப்பட்டது. ஆனால் அதன் தொடக்க இசையை உலகமெங்கும் வாத்தியக் குழுக்கள் இன்றும் வாசிக்கின்றன. 1974இல் கதை வசனத்தைப் புதிதாக எழுதி மேடையேற்றியபோது 740 முறை ஆடியது. பேனா மாறியது, இசை நின்றது!

பாட்டாளித் தோழர்களுக்கு நாம் கட்டாயம் சொல்ல வேண்டிய நாடகம் ஒன்று உண்டு. சிகாகோ நகரத்து வானொலிக்காரர் ஸ்டட்ஸ் டெர்கல், ஒலிப்பதிவுக் கருவியோடு வேலை செய்வோரைத் தேடிச் சென்று, நாள் முழுதும் என்ன செய்கிறீர், செய்யும்போது என்ன நினைக்கிறீர் என்று கேட்டுக் கேட்டு, 1974இல் ஒரு பெரும் நூல் வெளியிட்டார். அதை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இசை நாடகமாக்கினார். பெயர் 'ஒர்க்கிங்'. வேலை செய்தல் என்று பொருள். அரசன் இல்லை, அரசி இல்லை, காதலுக்கு வில்லன் இல்லை. கல் அடுக்கும் கொத்தனார் பாடுகிறார். உணவு பரிமாறும் பெண் பாடுகிறாள். ஆலைக்காரி, லாரி ஓட்டுபவர், தரை துடைப்பவள், வீட்டு வேலையே வேலையாகக் கொண்ட மனைவி — ஒவ்வொருவரும் வந்து, தம் உழைப்பைத் தம் வாயாலேயே பாடுகின்றனர். 1978 மே மாதம் பிராட்வேயிலே திரை எழுந்தது. 24 காட்சி. அவ்வளவுதான்!

கொத்தனார் பாட்டைக் கேட்கக் கொத்தனார் வாங்கக்கூடிய விலையிலா பிராட்வேச் சீட்டு விற்கிறார்கள்? இல்லை. அங்கே மூடிய நாடகம் வேறிடம் தேடிற்று. கல்லூரி மேடை ஏறியது, பள்ளி மேடை ஏறியது, ஊர்ப்புறத்து அமெச்சூர் குழுக்களின் கைக்கு வந்தது. பின்னாளிலே திருத்தி எழுதப்பட்டபோது லின்-மானுவல் மிராண்டா புதுப் பாடல்கள் சேர்த்தார். காசு கொடுத்துக் கேட்பவர் கைவிட்டதைக் கூடிப் பாடுபவர் காப்பாற்றினர்!

அதே ஷ்வார்ட்ஸ் பாடல் எழுத, சார்லஸ் ஸ்ட்ரவுஸ் இசையமைத்தது 'ராக்ஸ்'. கந்தல் என்று பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த யூத ஏழைகள், நியூயார்க் தையற் கொட்டடிகளிலே வதைபட்டதையும், சங்கம் கண்டு நிமிர்ந்ததையும் சொன்னது. 1986 ஆகஸ்டிலே வந்தது. 4 முறை ஆடியது! கடைசிக் காட்சி முடிந்தது, திரை விழுந்தது. நடித்தவர்கள் வீடு செல்லவில்லை. மூடாதீர் எங்கள் நாடகத்தை என்று முழங்கிக்கொண்டு பிராட்வேத் தெருவிலே ஊர்வலம் சென்றனர்! மேடையிலே சங்கப் பாட்டுப் பாடியவர்கள் தெருவிலும் அதைச் செய்து காட்டினர். நாடகம் பிழைக்கவில்லை. ஆனால் 1991இல் இசைத்தட்டு வந்தது. நாலே இரவு ஒலித்த பாட்டு, நாடு கடந்து ஒலிக்கத் தொடங்கிற்று.

இசைத்தட்டு என்றோமே, அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். 1964இல் ஸ்டீபன் சாண்ட்ஹைம் இசையமைத்த 'எனிஒன் கேன் விசில்' 9 முறை ஆடி மூடப்பட்டது. போட்ட பணம் போயிற்று. இனி இதைப் பதிவு செய்வானேன் என்று எவரும் கேட்டிருக்கலாம். கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் காடர்டு லீபர்சன் கேட்கவில்லை. நாடகம் மூடிய மறுநாள், வேலையிழந்த நடிகர்களை அழைத்து, பாடல்களைப் பதிவு செய்தார்! சாவு வீட்டிலே பிள்ளைப்பேறு பார்த்தது போல! அந்தத் தட்டு இல்லையேல் அந்த நாடகம் இல்லை. தட்டைக் கேட்டவர் வளர்ந்தனர். வளர்ந்தவர் மேடை கண்டனர். 1995இல் கார்னகி மண்டபத்திலே அதே பாடல்கள் முழங்கின.

பதிவு இல்லாமற் போனால் என்னாகும்? அதற்கும் சான்று உண்டு. 1976, அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு. பெர்ன்ஸ்டைனும், 'மை ஃபேர் லேடி' தந்த ஆலன் ஜே லெர்னரும் சேர்ந்து, வெள்ளை மாளிகையின் எசமானர்களையும் அங்கே ஊழியம் செய்த கருப்பின மக்களையும் எதிரெதிரே நிறுத்தும் நாடகம் ஒன்று படைத்தனர். முதல் போட்டது கோகோ கோலா! 7 முறை ஆடி மூடியது. மனமுடைந்த பெர்ன்ஸ்டைன் நடிகர் குழுவின் இசைத்தட்டு வெளிவர இசையவில்லை. அவர் மறைந்த பிறகே, 1997இல், பகுதிகளைத் தொகுத்துக் கச்சேரி வடிவிலே கேட்க முடிந்தது. இடையிலே இருபதாண்டு இருட்டு!

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தோற்றதெல்லாம் உயர்ந்தது என்று நாம் வாதாடவில்லை. வசூல் குறைந்தது ஒன்றே சிறப்புக்கு அடையாளமானால், சோம்பேறியின் சரக்கெல்லாம் காவியமாகிவிடும்! மட்டமான கதை உண்டு. ஒட்டாத பாட்டு உண்டு. மூன்று மணி நேரம் மக்களை வதைத்த குற்றமும் உண்டு. கணக்குப்பிள்ளை எப்போதும் தவறுபவரல்லர். அவர் சொல்வது பணம் வரவில்லை என்ற ஒன்றை மட்டும். ஏன் வரவில்லை என்பதை நாம்தான் ஆராய வேண்டும்.

தோற்ற நாடகத்தின் மீது கொள்ளும் அன்பிலும் இருவகை உண்டு. ஒன்று, தடுக்கி விழுந்தவனைச் சுற்றி நின்று சிரிக்கும் அன்பு. அது அன்பல்ல, வேடிக்கை. மற்றொன்று, விழுந்தவன் அருகே அமர்ந்து, எங்கே அடிபட்டது என்று தடவிப் பார்க்கும் அன்பு.

இரண்டையும் கண்ட நாடகம் 'கேரி'. ஸ்டீபன் கிங் நாவலைத் தழுவியது. உடன் படிப்போரால் இழிவுபடுத்தப்படும் ஒரு பள்ளிச் சிறுமியின் கதை. இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியும் பங்கு கொண்ட முயற்சி. 1988 மே 12இல் பிராட்வேயிலே எழுந்து, 15இல் முடிந்தது. மொத்தம் 5 காட்சி. எழுபது லட்சம் டாலருக்கு மேல் நட்டம்! அரங்கிலே கூச்சலிட்டு ஏசியவரும் உண்டு. எழுந்து நின்று கைதட்டியவரும் உண்டு. தோல்வி என்றால் கேரி என்று சொல்லும் அளவுக்குக் கேலிப் பெயராயிற்று. மாண்டல்பாம் தம் நூலின் தலைப்பிலேயே அதை வைத்தார். ஆண்டுக்கணக்கில் சிரித்தார்கள். ஆனால், தாயும் மகளும் பாடும் பாட்டிலே உயிர் இருக்கிறதே என்று காது கொடுத்தவரும் இருந்தனர். 2012இல் எழுதியவர்களே அமர்ந்து திருத்தி, சிறிய அரங்கிலே மீண்டும் நிகழ்த்தினர். அதன்பின் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் நாடகமாயிற்று. பள்ளியிலே நசுக்கப்பட்டவள் கதை, பள்ளி மேடைக்கே வந்து சேர்ந்தது. சிரித்தவர் கையால் எதுவும் மீளவில்லை. செவி கொடுத்தவர் கையாலே மீண்டது.

இனி, எல்லாவற்றிற்கும் மணிமுடியான சான்று.

1981 நவம்பர். சாண்ட்ஹைம் இசை, ஹரால்டு பிரின்ஸ் இயக்கம். ஒன்றன்பின் ஒன்றாகப் புகழ்நாடகம் தந்த கூட்டணி. 'மெரிலி வி ரோல் அலாங்' என்ற நாடகம். கதை பின்னோக்கி நடக்கும். தொடக்கத்திலே பணமும் புகழும் பெற்று, நண்பரை இழந்து, நெஞ்சு வறண்டு நிற்கிறான் ஓர் இசையமைப்பாளன். காட்சிக்குக் காட்சி காலம் பின்னே போகிறது. இறுதியிலே 1957, மொட்டை மாடி, வானத்திலே ரஷ்யரின் ஸ்புட்னிக் வரப்போகிறது என்று அண்ணாந்து நிற்கும் மூன்று இளைஞர், உலகத்தையே மாற்றுவோம் என்ற நம்பிக்கை! வெற்றி பெற்றவன் எப்படித் தோற்றான் என்று கேட்கும் கதை.

நடித்தவரெல்லாம் இளம்பிள்ளைகள். முன்னோட்டக் காட்சிகளிலேயே மக்கள் எழுந்து போயினர். உடுப்புகளைக் கைவிட்டு, யார் எவர் என்று புரிவதற்காகப் பனியனிலே பாத்திரத்தின் பெயரை எழுதி மாட்டினர்! விமர்சகர் வைதனர். 16 முறை ஆடி மூடியது. அந்தப் பெருங்கூட்டணியே பிரிந்தது. 2003 வரை இருவரும் சேர்ந்து புது நாடகம் படைக்கவில்லை.

ஆனால் இசைத்தட்டு இருந்தது. அன்பர் இருந்தனர். எழுதியவருக்கும் பிடிவாதம் இருந்தது. கணக்குப்பிள்ளை குப்பையிலே போட்டதைக் கலைஞன் கையிலே எடுத்தான். மக்கள் அறிவற்றவர் என்று சாண்ட்ஹைம் சாபமிடவில்லை. 1985இல் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவிலே திருத்திய வடிவம் மேடையேறியது. பாட்டு மாற்றினார், காட்சி மாற்றினார். 2012இல் லண்டனில் ஒரு சிறிய அரங்கிலே மரியா ஃபிரீட்மன் இயக்கிய வடிவம் மக்கள் மனத்தைப் பிடித்தது. 2023இல் அது பிராட்வே திரும்பியது. டேனியல் ராட்கிளிஃப், ஜொனாதன் கிராஃப், லிண்ட்சே மெண்டெஸ் நடித்தனர். நிறைந்த அரங்கு! 2024இல் 4 டோனி விருது. மறுமேடையேற்ற இசை நாடகங்களிலே சிறந்தது என்ற விருதும் அதில் ஒன்று. போட்ட முதலும் திரும்பியது. 42 ஆண்டுக்குப் பிறகு கணக்குப்பிள்ளை தம் தீர்ப்பைத் தாமே அடித்து எழுதினார்!

சாண்ட்ஹைம் அதைக் காணவில்லை. 2021 நவம்பரிலே மறைந்துவிட்டார்.

இந்தக் கதைகளிலே நாம் காண்பது என்ன? தோற்றது தானாக மீளவில்லை. காலம் பதில் சொல்லும் என்பர். காலம் பதில் சொல்லாது, கடிகாரத்துக்கு வாய் கிடையாது! மனிதர்தான் பதில் சொன்னார்கள். மறுநாளே பதிவு செய்த ஒருவர்; பழுதை ஒப்புக்கொண்டு திருத்திய ஒருவர்; ஊர் சிரித்தபோதும் காது கொடுத்த ஒருவர்; காசில்லாத மேடையிலே எடுத்து ஆடிய பெயர் தெரியாத ஆயிரம் பேர். இந்த நாலு வகையாரும் சேர்ந்துதான் கல்லாப்பெட்டி எழுதிய தீர்ப்பை மாற்றினார்கள். எங்கே இந்த நால்வரில் ஒருவர் குறைந்தாரோ, அங்கே நல்ல நாடகமும் மண்ணுக்குள் போயிற்று. அப்படிப் போனவை எத்தனையோ!

ஆகவே தோழர்களே, ஊரிலே ஒரு நாடகம் ஓடவில்லை என்று கேள்விப்பட்டால், உடனே கைகொட்டிச் சிரித்துவிடாதீர். மூன்று கேள்வி கேளுங்கள். ஓடவில்லை என்று சொன்னவர் யார், பார்த்தவரா, பணம் போட்டவரா? சொல்ல வந்த செய்தியிலே பழுதா, சொன்ன விதத்திலே பழுதா? காப்பாற்றி வைக்க ஒரு பாட்டாவது அதிலே உண்டா? மூன்றாவது கேள்விக்கு உண்டு என்று விடை வந்தால், அந்த ஒரு பாட்டை உரக்கப் பாடுங்கள். அடுத்த தலைமுறையின் காதிலே விழும்படி பாடுங்கள்!